101.79 எங்கிருந்து வருகிறது? மூன்று குழாய்களுக்கு வெள்ளக் கணக்கு எழுதிப் பார்த்த அனுபவம்

மேன்ஹோல் ஒன்றின் நீர்மட்டம் 101.79 மீட்டர் என்று திரை காட்டியது. பக்கத்தில் அமர்ந்திருந்த இளைய நண்பர் கேட்டார்: “அண்ணா, அந்தக் கடைசி ஒன்பது எப்படி வந்தது?” சமன்பாடு, உந்தம், திரும்பத் திரும்பக் கணித்தல் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் தலையாட்டினார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. பல ஆண்டுகளாகப் பொத்தானை அழுத்தி விடை வாங்கிக்கொண்டிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு முறையாவது கையால் செய்து பார்த்ததில்லை.

எனவே அன்று திரையில் இருந்த, மூன்றே குழாய்கள் கொண்ட அதே கற்பனை வடிகாலை வைத்து, பைத்தானில் நானே ஒரு சிறிய நிரல் எழுதத் தொடங்கினேன். ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எஸ்.டபிள்யூ.எம்.எம். (SWMM) என்ற மழைநீர் வடிகால் மென்பொருள் இருக்கிறது. 1971 முதல் புழக்கத்தில் இருப்பது. ஐந்தாம் பதிப்பு சி மொழியில் புதிதாக எழுதப்பட்டது. மூல நிரலை யாரும் திறந்து படிக்கலாம். சந்தையில் விலைக்குக் கிடைக்கும் வெள்ள மென்பொருள்கள் சிலவற்றுக்குள்ளும் இதே இயந்திரம்தான் ஓடுகிறது.

என் வடிகால் இப்படி: வரிசையாக மூன்று மேன்ஹோல்கள், கடைசியில் ஆற்றில் திறக்கும் வெளிவாய். மேலிருந்து கீழாகக் குழி 1, குழி 2, குழி 3 என்று வைத்துக்கொள்வோம். இடையே உள்ள ஒவ்வொரு குழாயும் 60 மீட்டர் நீளம், 60 செ.மீ. விட்டம், கான்கிரீட், 200 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு. அடிமட்டங்கள் முறையே 100.90, 100.60, 100.30; வெளிவாயில் 100.00. சாலைமட்டம் ஒவ்வொரு குழியிலும் அடிமட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில்: 102.40, 102.10, 101.80. மழைநீர் வரத்து குழி 1இல் விநாடிக்கு 200 லிட்டர், மற்ற இரண்டிலும் தலா 150. ஆகக் கடைசிக் குழாய் 500 லிட்டர் சுமக்க வேண்டும். ஆறு 101.20 மட்டத்தில் நிற்கிறது. அதாவது வெளிவாய் முழுவதும் மூழ்கியிருக்கிறது.

முதல் முயற்சியில் கல்லூரியில் படித்ததைத்தான் செய்தேன். குழாயின் சரிவையும் சொரசொரப்பையும் வைத்து ஓட்டத்தைக் கணிக்கும் மேனிங் சூத்திரம். கான்கிரீட்டுக்கு 0.013 என்ற சொரசொரப்புக் கெழு. குழாய் நிரம்பி ஓடினால் விநாடிக்கு 434 லிட்டர் வருகிறது. இரண்டாம் குழாயில் 350 லிட்டர் ஓடினால் ஆழம் சுமார் 41 செ.மீ.; எனவே குழி 2இல் நீர்மட்டம் 101.01. ஐந்து நிமிட வேலை. மூன்றாம் குழாய்க்கு வந்ததும் நிரல் திக்கி நின்றது. 500 லிட்டருக்கு எந்த ஆழமும் பொருந்தவில்லை. வட்டக் குழாயின் ஒரு விசித்திரம் இங்கே தெரிகிறது: முழுதாக நிரம்பும்போது அல்ல, விட்டத்தில் 94 விழுக்காடு வரை நிரம்பும்போதுதான் அது அதிகபட்சமாகக் கடத்தும், முழுக் கொள்ளளவைவிட சுமார் 7.6 விழுக்காடு கூடுதலாக. அப்படியும் 467 லிட்டர்தான். மீதி 33 லிட்டருக்குச் சூத்திரத்தில் இடமில்லை. என் நிரல் கைவிரித்துவிட்டது.

அதைவிட மோசமான குறை ஒன்று இருந்தது. அது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. இந்தக் கணக்கில் ஆறு எங்குமே வரவில்லை! ஆற்றுமட்டத்தை 101.20 என்று வைத்தாலும் 99.00 என்று வைத்தாலும் குழி 2இல் அதே 101.01. மென்பொருள்களில் ‘கைனமேட்டிக் வேவ்’ என்று ஒரு தேர்வு இருக்கும். அது தரைச்சரிவையும் உராய்வையும் மட்டும் பார்க்கிறது. செய்தி எப்போதும் மேலிருந்து கீழேதான் போகும். கீழே அடைப்பு இருந்தால் மேலே உள்ள குழிக்கு அது தெரியவே தெரியாது. வேகமாக ஓடுகிறது, பிழைச் செய்தியே வருவதில்லை என்று இதை விரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளிவாய் மூழ்கும் வடிகாலுக்கு இதைப் பயன்படுத்துவது, வாசல் பூட்டியிருக்கிறதா என்று பாராமல் வீட்டுக்குள் எத்தனை பேர் போகலாம் என்று எண்ணுவது போன்றது.

ஆகவே 1871இல் பிரெஞ்சுப் பொறியாளர் செயின்ட் வெனான்ட் எழுதிய இரண்டு சமன்பாடுகளுக்குப் போக வேண்டியதாயிற்று. ஒன்று தண்ணீரின் வரவு செலவு; மற்றொன்று உந்தத்தின் வரவு செலவு. எஸ்.டபிள்யூ.எம்.எம். இவற்றைப் பங்கு பிரித்திருக்கும் விதம் எளிமையானது. நீர்மட்டம் குழிகளுக்குச் சொந்தம். ஓட்டம் குழாய்களுக்குச் சொந்தம். குழிகளில் தண்ணீர்க் கணக்கு எழுது, குழாய்களில் உந்தக் கணக்கு எழுது, இரண்டையும் மாறி மாறிச் சரிபார். குழாயின் நடுவே நீர்மட்டம் என்ன என்று தனியாகக் கேட்டால், இரு முனைகளின் சராசரிதான் பதில்.

குழாயின் கணக்கைச் சொல்லால் எழுதினால் இவ்வளவுதான்: புதிய ஓட்டம் என்பது பழைய ஓட்டத்தோடு, இரு குழிகளின் நீர்மட்ட வேறுபாடு தரும் தள்ளுதலையும் நிலைமத்தின் பங்கையும் கூட்டி, அந்த மொத்தத்தை ‘ஒன்று கூட்டல் உராய்வு’ என்ற எண்ணால் வகுத்தால் கிடைப்பது. கவனிக்க வேண்டியது, அங்கே தள்ளுவது குழாயின் சரிவல்ல, நீர்மட்டங்களின் வேறுபாடு. நிரம்பிய என் குழாயில் 1 செ.மீ. வேறுபாடு இருந்தால் 2 விநாடியில் ஓட்டம் விநாடிக்கு சுமார் 0.9 லிட்டர் கூடும். உராய்வை ஏன் கழிக்காமல் வகுக்கிறார்கள் என்று முதலில் புரியவில்லை. கழித்துப் பார்த்தேன், ஆழம் குறைவாக இருந்தபோது உராய்வு ஓட்டத்தைவிடப் பெரிதாகி, தண்ணீரைப் பின்னோக்கி ஓட வைத்தது. உராய்வு ஓட்டத்தைத் தடுக்கலாம், திருப்ப முடியாது. வகுத்தலில் அந்த ஒழுக்கம் தானாகவே வந்துவிடுகிறது.

முதல் ஓட்டத்தை மழை இல்லாமலேயே ஓட்டினேன். குழாய்கள் காலி, ஆறு மட்டும் 101.20இல். மூன்றாம் குழாயில் ஓட்டம் எதிர்க்குறியோடு வந்தது. ஏதோ குறி மாறிவிட்டது என்று ஒரு மாலைப் பொழுது முழுவதும் நிரலைத் தேடினேன். தவறே இல்லை. ஆறுதான் வெளிவாய் வழியாக உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் எல்லாக் குழிகளும் 101.20இல் சமமாக நின்றன: குழி 3இல் 90 செ.மீ., குழி 2இல் குழாயின் உச்சி வரை சரியாக 60 செ.மீ., குழி 1இல் 30 செ.மீ. மழையே பெய்யாமல் வடிகாலின் கொள்ளளவில் பெரும்பகுதி தீர்ந்துபோயிருந்தது. வெளிவாயில் ஒருவழிக் கதவு போடுவது எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் எனக்குச் சொன்னதில்லை.

இனி குழியின் கணக்கு. இங்கேதான் நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன்.

உள்ளே வருவதிலிருந்து வெளியே போவதைக் கழித்தால் மிஞ்சுவது கன அளவு. அதை நீர்மட்ட உயர்வாக மாற்ற, ஒரு பரப்பால் வகுக்க வேண்டும். எந்தப் பரப்பு? குழியின் பரப்பு மட்டுமன்று. அதோடு இணைந்த ஒவ்வொரு குழாயிலும் பாதி நீளத்துக்கான நீர்ப்பரப்பும் அதற்குச் சொந்தம். குழாய்கள் பாதி நிரம்பியிருந்தால் குழி 2க்கு மேலே 30 மீட்டர், கீழே 30 மீட்டர், அகலம் 60 செ.மீ.; ஆக 36 சதுர மீட்டர். இதற்கு முன் மேன்ஹோலின் ஒரு சதுர மீட்டர் ஒரு பொருட்டா என்று நினைத்து அதை நான் சேர்க்கவேயில்லை.

தண்ணீர் குழாயின் உச்சியை நெருங்கியபோது நிரல் வெடித்தது. நீர்மட்டம் 101 மீட்டர், 103, 88, பிறகு எண்ணே இல்லாத எண். காரணம் எளியது. வட்டத்தின் மேற்பகுதியில் நீர்ப்பரப்பின் அகலம் சுருங்கிக்கொண்டே போகிறது. பாதி ஆழத்தில் 60 செ.மீ. அகலம், 99 விழுக்காடு ஆழத்தில் 12 செ.மீ.; முழுதாக நிரம்பினால் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுத்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. நிரம்பிய குழாயில் தண்ணீர் சேர இடமே கிடையாது. நீர்மட்டம் என்பது அதுவரை ‘எவ்வளவு சேர்ந்திருக்கிறது’ என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நொடியிலிருந்து அது வெறும் அழுத்தம். சேமிப்பை அளந்துவந்த சமன்பாட்டின் கையில் அளப்பதற்கு ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் எல்லா மென்பொருள்களும் ஏதாவது ஒரு தந்திரம் செய்தாக வேண்டும். எஸ்.டபிள்யூ.எம்.எம். ஒவ்வொரு குழிக்கும் குறைந்தபட்சம் 1.167 சதுர மீட்டர் பரப்பை வைத்துக்கொள்கிறது. விநோதமான அந்த எண், நான்கு அடி விட்டமுள்ள மேன்ஹோலின் பரப்பு என்று தெரிந்தபோது சிரிப்பு வந்தது. நான் அலட்சியம் செய்த அதே ஒரு சதுர மீட்டர்! அதன் பழைய வழி இன்னொன்றும் செய்கிறது: குழி நிரம்பியதும் சேமிப்புக் கணக்கை ஒதுக்கிவிட்டு, ‘வரவும் செலவும் சமமாக, மட்டத்தை எவ்வளவு மாற்ற வேண்டும்?’ என்று நேராகக் கேட்கிறது.

இரண்டாவது வழி பிரைஸ்மன் பிளவு. 1960களின் தொடக்கத்திலிருந்து புழங்கும் யோசனை. குழாயின் உச்சியில் நீளவாக்கில் ஒரு மெல்லிய கீறல் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். தண்ணீர் குழாயை நிரப்பியதும் அந்தக் கீறலுக்குள் ஏறும். எனவே திறந்த கால்வாயின் சமன்பாடு அறுபடாமல் தொடரும். கீறலின் அகலம் அழுத்த அலையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. விநாடிக்கு 1,000 மீட்டர் வேகம் வேண்டுமென்றால் என் குழாயின் கீறல் 3 மைக்ரானுக்கும் குறைவாக இருக்க வேண்டும். அப்போது காலப்படி, அதாவது கணக்கு ஒரே தாவலில் கடக்கும் நேரம், 0.06 விநாடிக்குக் கீழே போகும். விட்டத்தில் 1 விழுக்காடு, அதாவது 6 மி.மீ. போதும் என்று சமரசம் செய்தால் அலை வேகம் விநாடிக்கு சுமார் 21 மீட்டர், காலப்படி 2.6 விநாடி வரை தாங்கும். உச்சிக்கு மேல் 60 செ.மீ. தண்ணீர் ஏறினால் ஒரு குழாயின் கீறலுக்குள் 216 லிட்டர் பொய்யாகச் சேரும். குழாயின் கொள்ளளவு 17,000 லிட்டர் என்பதால் அந்தப் பொய்யை மன்னித்துவிடலாம்.

இரண்டையும் சேர்த்தேன். வெடிப்பு நின்றது, ஆட்டம் நிற்கவில்லை. 10 விநாடிக் காலப்படியில் குழி 2 ஒரு படியில் மேலே, அடுத்த படியில் கீழே என்று பேயாடியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பில்லை. வரவு செலவில் வெறும் 50 லிட்டர் இடைவெளி இருந்தாலும் 1.167 சதுர மீட்டரில் அது விநாடிக்கு 4 செ.மீ. உயர்வு, 10 விநாடியில் 43 செ.மீ. அந்த உயர்வு அடுத்த படியில் குழாயை எதிர்ப்பக்கம் தள்ளும். கீறலைத்தான் மந்திரக்கோல் என்று நம்பியிருந்தேன். ஆட்டத்தை அடக்கியதில் அதன் பங்கு கொஞ்சம்தான். அடக்கியவை வேறு இரண்டு. காலப்படியை 2 விநாடியாகக் குறைத்தது ஒன்று. மற்றது, ஒரே படிக்குள் மட்டத்தையும் ஓட்டத்தையும் திரும்பத் திரும்பக் கணித்து, ஒவ்வொரு சுற்றிலும் பழைய விடையில் பாதி, புதிய விடையில் பாதி என்று கலந்தது. எஸ்.டபிள்யூ.எம்.எம். இதையேதான் செய்கிறது: இயல்பாக அதிகபட்சம் எட்டுச் சுற்றுகள்; மாற்றம் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டால் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளும். எட்டிலும் சேராவிட்டால்? சேராத விடையோடு அடுத்த படிக்குப் போய்விடும். அறிக்கையில் சேராத படிகளின் விழுக்காடு ஒரு வரியாக இருக்கும். அந்த வரியை நான் படிக்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான் என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

எல்லா ஆட்டமும் பிழையல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நிரம்பிய குழாயில் உள்ள தண்ணீர் ஒரு கனத்த தண்டு. மேன்ஹோல் அதற்கு ஒரு வில்சுருள். என் குழி 2க்கு இயல்பான ஊசலாட்டக் காலம் சுமார் 22 விநாடி. காலப்படியைப் பாதியாக்கிப் பாருங்கள். ஆட்டத்தின் காலமும் பாதியானால் அது கணினியின் ஆட்டம். 22 விநாடியிலேயே நின்றால் அது தண்ணீரின் ஆட்டம். அதை அழிக்கப் பார்க்கக் கூடாது.

ஆட்டம் அடங்கி ஓட்டம் நிலைபெற்றதும் மட்டங்களைக் குறித்துக்கொண்டேன். இதைச் சரிபார்க்கக் கணினியே தேவையில்லை. நிரம்பிய குழாயில் உராய்வு இழப்பு ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 434 லிட்டருக்கு 60 மீட்டரில் 30 செ.மீ. இழப்பு. ஆற்றிலிருந்து மேல்நோக்கி நடந்தால், 500 லிட்டருக்கு 40 செ.மீ.; எனவே குழி 3இல் 101.60. அங்கிருந்து 350 லிட்டருக்கு 19.5 செ.மீ.; குழி 2இல் 101.79. அங்கிருந்து 200 லிட்டருக்கு 6 செ.மீ.; குழி 1இல் 101.86. என் நிரலும் எஸ்.டபிள்யூ.எம்.எம்.மும் இதே எண்களைத் தந்தன. நண்பர் கேட்ட ஒன்பது அங்கே இருந்தது. அது குழி 2இன் குழாயிலிருந்து வந்ததல்ல. ஆற்றிலிருந்து படியேறி வந்தது. மேனிங் தந்த 101.01க்கும் இதற்கும் 78 செ.மீ. வித்தியாசம்.

ஆனாலும் அந்த ஒன்பதை நான் முழுதாக நம்பச் சொல்லமாட்டேன். மேன்ஹோலுக்குள் தண்ணீர் சுழல்வதால் ஏற்படும் இழப்பு இந்தக் கணக்கில் இல்லை. இழப்புக் கெழுவை நாமே உள்ளிட்டால்தான் மென்பொருள் அதைச் சேர்க்கும்; உள்ளிடாவிட்டால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். குழாயில் படிந்திருக்கும் வண்டலும் அப்படித்தான்.

அடுத்து மழையைக் கூட்டினேன்: 300, 200, 200. மொத்தம் 700 லிட்டர். குழி 3 சாலைமட்டமான 101.80ஐத் தொட்டது, நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. அந்த மட்டத்தில் மூன்றாம் குழாய் 614 லிட்டர்தான் கடத்தும். மீதி 86 லிட்டர் எங்கே? மென்பொருளின் இயல்பு அமைப்பில் அது ‘வெள்ள இழப்பு’ என்ற தலைப்பில் எழுதப்பட்டுக் கணக்கிலிருந்தே போய்விடுகிறது. பத்து நிமிடத்தில் 52 கன மீட்டர் ஆவியாகிவிட்டது போல. சாலையில் தேங்கி, மழை ஓய்ந்ததும் திரும்ப வடியும் தண்ணீர் வேண்டுமென்றால், தேங்க அனுமதிக்கும் குறியைப் போட்டு, ஒவ்வொரு குழிக்கும் தேங்கும் பரப்பையும் தர வேண்டும். அப்படித் தந்தாலும் குழி 2இல் தேங்கிய தண்ணீர் 30 செ.மீ. தாழ்வாக இருக்கும் குழி 3க்குச் சாலை வழியே வடியாது. சாலையையும் ஓர் அகன்ற கால்வாயாகக் குழாய்க்கு இணையாக வரைந்தால்தான் அது நடக்கும். வரைந்தேன், வேலை செய்தது, ஆனால் அது தனிக் கதை.

இயல்பு அமைப்பில் கண்ட ஒன்று மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. அந்த 86 லிட்டரில் குழி 3இல் வழிந்தது 20 மட்டுமே. குழி 2இல் 66. களத்தில் போய்ப் பார்த்தால் குழி 2தான் குற்றவாளி போலத் தெரியும். எனவே அதிலிருந்து கிளம்பும் இரண்டாம் குழாயை 75 செ.மீ. விட்டமாக மாற்றி ஓட்டினேன். குழி 2இன் மட்டம் 101.92க்கு இறங்கியது, ஒரு சொட்டும் வழியவில்லை. குழி 3இல் விநாடிக்கு 86 லிட்டர் வழிந்தது. இரண்டாம் குழாயைப் பழையபடி விட்டுவிட்டு மூன்றாம் குழாயை 75 ஆக்கினேன். குழி 3இல் 101.44, குழி 2இல் 101.83, குழி 1இல் 101.98, எங்கும் வழியவில்லை. கோப்பைச் சேமித்து நண்பருக்கு அனுப்பிவைத்தேன்.